ஆடி கழியட்டும், டீச்சர்

ஈப்போவில் சங்கத்தில் இல்லாத தமிழனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒன்றில் தலைவர் பதவி கிடைக்கவில்லையென்றால் அடுத்த மாதமே இன்னொன்றைத் தொடங்கி அதில் தலைவராகிவிடுவார்கள். பள்ளிக்கூட வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும் என்னையும் அப்படி ஒன்றில் இழுத்துப் போட்டார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்பதால் செயலாளர் பதவி கொடுத்தார்கள். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் எல்லாருக்கும் டீ சொல்லும் பொறுப்பும் கூடவே வந்தது.

கூட்டம் நடப்பது ஒரு பாயின் சாப்பாட்டுக் கடை மாடியில். தலைவர் சிமெண்டும் இரும்புக் கம்பியும் விற்றுப் பணம் சேர்த்தவர். எங்கிருந்தோ ஒரு டத்தோ பட்டமும் வாங்கிவிட்டார். அந்தப் பட்டத்தைச் சொல்லாமல் கூப்பிட்டால் காது கேட்காதது போல இருப்பார். இத்தனைக்கும் அவரும் நானும் பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவர் அப்பாவும் என் அப்பாவும் விடிவதற்கு முன்னால் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது கை தூக்கியவர்கள். அந்தத் தோட்டம் இப்போது செம்பனையும் வீடமைப்புமாக மாறிவிட்டது. தலைவர் வாயில் அந்தத் தோட்டத்தின் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் ஹோட்டலில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு எங்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரர் பேசினார். உங்கள் நாடு வளர்ந்துவிட்டது, இனி நீங்கள் வாங்குகிறவர்கள் இல்லை, கொடுக்கிறவர்கள் என்றார். அவ்வளவுதான். தலைவர் நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்து உட்கார்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நாங்கள் வாங்கிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து தருமத் துணி வரும். ஒரு முறை எங்கள் வீட்டுக்கு முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டு ஒன்று வந்தது. புழுங்கிச் சாகிற ஊரில் கம்பளிக் கோட்டு! அம்மா அதை ஆட்டுக்குட்டிக்குப் படுக்கையாகப் போட்டார். ஆனால் துரை வந்து படம் எடுத்த அன்று அப்பா அதை மாட்டிக்கொண்டு வேர்த்து வடிய நின்றார். கொடுக்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வெள்ளைக்காரரின் அமைப்பே எங்களுக்கு ஓர் ஊரையும் பிடித்துக் கொடுத்தது. ஆப்பிரிக்காவில், கடலே இல்லாத ஓர் ஏழை நாட்டில், பெரிய ஏரிக்கரை ஓரமாக இருக்கிற கிராமம். நெல்லும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். அங்கே பெண்கள் சேர்ந்து நடத்தும் விவசாயக் குழு ஒன்று. அதன் தலைவியோடு பேசும் வேலை எனக்கு. கைப்பேசியில், ஆங்கிலத்தில்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். வெண்கலத் தொண்டை. முதல் நாளே என் படத்தைப் பார்த்துவிட்டு, தலைக்குச் சாயம் பூசுகிறாயா என்று கேட்டாள். பூசுகிறேன் என்றேன். எந்த நிறம் என்று விசாரித்துக்கொண்டுதான் விவசாயத்துக்கு வந்தாள்.

அவள் சொன்ன விஷயம் ரொம்ப எளிமையானது. கார்த்திகை வாக்கில் அங்கே முதல் மழை விழும். விழுந்ததும் உழுதுவிட வேண்டும். தாமதமாக உழுதால் தாமதமாக நடவு. தாமதமாக நட்டால் கதிர் முற்றுவதற்குள் மழை நின்றுவிடும், பிறகு பதரைத்தான் அறுக்க வேண்டும். அவர்களிடம் மாடு இல்லை. ஒரு பஞ்ச வருடத்தில் விற்றுத் தின்றுவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒருவனிடம் உழவு மாடு இருக்கிறது. வெயில் காலத்திலேயே அவனிடம் போய்ச் சொல்லி வைத்தால்தான் உண்டு. அவன் வாக்குக் கொடுத்த வரிசைப்படிதான் உழுவான். பிந்திப் போகிறவர்களுக்கு மழையெல்லாம் கொட்டி முடிந்த பிறகுதான் மாடு கிடைக்கும்.

"எங்களுக்கு ஒரு ஜோடி மாடு வாங்கிக் கொடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்" என்றாள்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"மாடா? என்ன டீச்சர், நாம என்ன கம்பத்துப் பட்டிக்காட்டு ஆளுங்களா? மாட்ட போட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டா யார் பார்ப்பா? மெஷின் குடுப்போம்லா. நம்ம சின்னத்தப் பெருசா அடிச்சுக் குடுப்போம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த மேசையில் தலையாட்டுவதற்குப் பஞ்சமே கிடையாது. பாகான் செராய் வயல்காட்டில் பெரிய டிராக்டர் வந்த பிறகு சும்மா கிடந்த கை உழவு இயந்திரம் ஒன்றைப் பிடித்தார்கள். பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற சின்ன இயந்திரம்தான். கழுவி, பச்சை அடித்து, பக்கவாட்டில் சங்கச் சின்னத்தை வரைந்தார்கள். எஞ்சினைவிடச் சின்னம் பெரியதாக இருந்தது.

இயந்திரம் வருகிறது என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, வார் அறுந்தால் எங்கே வாங்குவது என்பது. இரண்டாவது, டீசலுக்கு என்ன வழி என்பது. இரண்டையும் கூட்டத்தில் வைத்தேன். பொருளாளர் சிரித்துக்கொண்டே, "தானம் குடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு அவங்க ஊர்ல பழமொழி இல்லையா?" என்றார். மாட்டைத்தான் நாங்கள் கொடுக்கவே இல்லையே என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

சரி, கொடுப்பதையாவது நேரத்தோடு கொடுக்கட்டும் என்று கப்பல் ஏஜெண்டிடம் விசாரித்தேன். கடலில் ஒரு மாதத்துக்கு மேல். பிறகு துறைமுகம், சுங்கம், அங்கிருந்து லாரியில் உள்நாட்டுக்கு. ஆடி மாதத்தில் கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றினால் மழைக்கு முன்னால் போய்ச் சேரும், அதற்குள் குழுவினர் ஓட்டியும் பழகிவிடலாம் என்றார். அதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன்.

தலைவர் டீயைக் கீழே வைத்தார்.

"ஆடிலயா?"

"ஆமா டத்தோ. ஆடிலதான் கப்பல் சரியா இருக்கு."

"டீச்சர், படிச்சவங்க நீங்க. ஆடி மாசம் யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா? மொத மொதல்ல வெளிநாட்டுக்குச் செய்யறோம். ஆடி கழியட்டும்."

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்களே டத்தோ. விவசாயத்துக்கு ஆடியவிட நல்ல மாசம் ஏது?"

"அது இந்தியாவுக்குலா" என்றார் பொருளாளர்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! உழுது விதைத்துப் பிழைத்தவர்கள் வழியில் வந்தவர்கள்தான் எல்லாரும். மூன்று தலைமுறை ரப்பர் மரத்தில் பால் வெட்டியதில் விதைக்கிற மாதம் மறந்துவிட்டது. ஆனால் எந்த மாதத்தில் எதைச் செய்யக் கூடாது என்பது மட்டும் ஒன்று விடாமல் நினைவிருக்கிறது. "நம்ம ஆளுங்க கப்பலேறி இங்க வந்தாங்களே, அது ஆடியா ஆவணியான்னு யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டேன். அதனால்தான் இந்தக் கதிக்கு ஆளானோம் என்றார் ஒருவர். எல்லாருக்கும் டீ சொல்லப் போனேன்.

கீழே கல்லாவில் பாய் இருந்தார். மாடியில் பேசுவது படிக்கட்டு வழியாக அவருக்கு முழுதும் கேட்கும்.

"மழைக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியுமா, டீச்சர்?" என்றார்.

"அத நீங்க மேல வந்து சொல்லுங்க பாய்."

"நான் சொன்னா மக்கான் சாப்பிட வேற கடைக்குப் போயிடுவாங்க" என்று சிரித்தார்.

அந்த வாரமே தலைவருக்கு அவளைக் காணொளியில் பார்த்துப் பேச ஆசை வந்தது. பாய் கடை மாடியிலேயே கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். மாட்டுக்காரன் இந்த வாரம் வாக்குக் கேட்கிறான். சொல்லி வைக்கட்டுமா, வேண்டாமா?

தலைவர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் போல ஆட்டினார். மாட்டை மறந்துவிடுங்கள், இயந்திரம் வந்துகொண்டே இருக்கிறது என்றார். வந்துகொண்டே! அது பாகான் செராயில் ஒரு கொட்டகையில், கோழி எச்சத்துக்கு நடுவில் நின்றிருந்தது.

காணொளி முடிந்ததும் வெளியே வந்து நானே அவளைக் கூப்பிட்டேன். மாட்டுக்குச் சொல்லி வை, இவர்களை நம்பாதே என்றேன்.

"அவர் தலைவர். நீ யார்?"

"செயலாளர்."

"தலைவர் வரும் என்கிறார், செயலாளர் வராது என்கிறாய். நான் மாட்டுக்கும் சொல்லி வைத்து இயந்திரமும் வந்துவிட்டால், மாட்டுக்காரன் அடுத்த வருடம் என் முகத்தில் முழிக்க மாட்டான். குழுவில் இருக்கிற பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள்."

டைக்கு இருக்கிற மரியாதை அந்த நாட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. மாட்டுக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது.

ஆடி கழிந்தது. ஆவணி பிறந்தது. இப்போது கொடியசைத்து அனுப்பி வைக்க ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஒய்.பி., வராமல் எப்படி? ஒய்.பி. ஒரு தேதி கொடுத்தார், மாற்றினார், மறுபடியும் மாற்றினார். பிறகு வெளிநாடு போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் புரட்டாசி.

புரட்டாசிக்கு என்ன கேடு என்று கேட்டேன். கொடியசைப்பதோடு சேர்த்து, மேசைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி விருந்தும் வைக்கிறார்களாம். புரட்டாசியில் எல்லாரும் சைவம். விருந்தில் ஆட்டிறைச்சி இல்லையென்றால் மேசை விற்காதாம். ஆக, ஏரிக்கரையில் ஓர் ஊரே உழவுக்குக் காத்திருந்தபோது, ஈப்போவில் மட்டன் பெரட்டலுக்காக இயந்திரம் காத்திருந்தது. அதன் பிறகு தீபாவளி வந்தது. தீபாவளிக்கு இந்த ஊரில் எந்த வேலை நடந்திருக்கிறது?

ஒவ்வொரு வாரமும் அவள் கேட்பாள், கப்பல் எங்கே? இன்னும் கிளம்பவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். இரண்டு மூன்று வாரம் கேட்டுக்கொண்டாள். புரட்டாசிக் கடைசியில், தலைவர் சொன்னதை விட்டுவிட்டு மாட்டுக்காரனிடமே போனாள். அவன் எல்லா நாளையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டானாம். சிரித்தானாம். உங்களுக்குத்தான் இயந்திரம் வருகிறதே என்றானாம்.

தீபாவளி முடிந்து ஒரு வழியாக விழா வைத்தார்கள். ஐயர் வந்து கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வயல் சேற்றில் இறங்குகிற இரும்புச் சக்கரம் அது, கம்பிகளுக்கு நடுவே பெரிய பெரிய சந்து. ஆறு பேர் தள்ளினார்கள். இயந்திரம் முன்னால் போனது, பழம் நசுங்காமல் சந்தில் புகுந்து அப்படியே இருந்தது. சகுனம் சரியில்லை, மறுபடியும் வையுங்கள் என்றார் ஐயர். மறுபடியும் வைத்தார்கள். மறுபடியும் அதே கதை. கடைசியில் ஒய்.பி.க்கு நேரமாகிறதென்று தலைவரே போய்க் காலால் மிதித்து நசுக்கினார். கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். மட்டன் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

இயந்திரம் கப்பலேறிய வாரத்தில் அங்கே மழை விழுந்துவிட்டது. அவள் ஒரு படம் அனுப்பினாள். சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள், எல்லார் கையிலும் மண்வெட்டி. ஒருத்தி முதுகில் குழந்தை. கையால் கொத்த முடிந்த இடத்தில் நட்டார்கள். பாதி நிலம் அந்த வருடம் புல்லாகவே கிடந்தது. நட்டதிலும் கடைசியாக நட்டதெல்லாம் பதர். அந்தப் படத்தைக் கூட்டத்தில் காட்டியபோது, பார்த்தீங்களா எவ்வளவு ஏழைங்க, நாம செஞ்சது எவ்வளவு நல்ல காரியம் என்றார் தலைவர். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மனசுக்குள்தான். அந்த அளவுக்குத்தான் என் வீரம்.

அறுப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது இயந்திரம் ஊர் போய்ச் சேர்ந்தது. தலைவர் அதைக் காணொளியில் பார்த்தே ஆக வேண்டும் என்றார். காட்டினாள். குழுப் பெண்கள் பாடி, ஆடி வரவேற்றார்கள். அவள் ஒரு கையை இயந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கம்பளிக் கோட்டோடு படம் எடுத்த அன்று எங்கள் அப்பாவும் அப்படித்தான் நின்றார்.

அதற்கு அடுத்த ஆனி மாதத்தில்தான் வெடித்தது. வெள்ளைக்காரரின் அமைப்பு அனுப்பிய செய்தியில் ஒரு படம். எங்கள் பச்சை இயந்திரம், எங்கள் சின்னத்தோடு, ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. வண்டி நிறையச் செங்கல். குழுவே கூடிப் பேசி இயந்திரத்தைச் செங்கல் சூளைக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு ஜோடி மாடு வாங்கிவிட்டார்கள்.

மாடியில் அன்று போட்ட கூச்சலில், சாப்பிட வந்தவர்களெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம்.

"பூஜை போட்டு அனுப்புன சாமான்! செங்கக்காரன்கிட்ட வித்துட்டா! இப்படியும் நன்றி கெட்ட ஜென்மங்க இருக்குமா?" தலைவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. "எழுதுங்க டீச்சர். காட்டமா எழுதுங்க. மெஷினத் திருப்பி வாங்கி வைக்கணும்னு எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

"ஏன்?"

"மொத நாளே மாடு கேட்டா. நீங்க குடுக்கல. அவளே வாங்கிக்கிட்டா. இதுல உங்களுக்கு என்ன சூசா, என்ன கஷ்டம், டத்தோ?"

"மாட்டுல நம்ம சின்னம் எங்க இருக்கு?" என்றார்.

இதைக் கோபத்தில் சொல்லவில்லை. நிஜமான கேள்வியாகத்தான் கேட்டார். அவரை நான் முழுதாக வெறுத்தது அந்த நிமிடத்தில்தான். ஒரே லயத்தில் பிறந்தவர் என்பதால் ஏதோ கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. பதவியும் வேண்டாம் பவிசும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடிதத்தைப் பொருளாளரே எழுதினாராம். அது கிடைத்ததும் அவள் என்னைக் கூப்பிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உன் தலைவர் இயந்திரத்தைத் திருப்பிக் கேட்கிறார்."

"அவர் இப்போது என் தலைவர் இல்லை."

"யாராக இருந்தால் என்ன, அவரிடம் சொல். எங்களுக்குப் போன வருடத்து மழையைத் திருப்பிக் கொடுக்கட்டும். நான் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்."

சொல்கிறேன் என்றேன். தலைவரிடம் போய் அப்படியே சொன்னேன், ஒரு சொல் குறையாமல். அவருக்குப் புரியவில்லை. மழையை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்.

கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் பாய் கடையை நான் விடவில்லை. அந்தக் கார்த்திகையில் ஒரு மத்தியானம், கடையில் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஈப்போவின் வழக்கமான மழை. மேலே கூட்டம் முடிந்து தலைவர் படியிறங்கி வந்தார். மழை விடட்டும் என்று, வேறு இடம் இல்லாமல், என் மேசையிலேயே உட்கார்ந்தார். அப்போது அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. அங்கே காலை நேரம். பின்னால் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம், பெண்கள் எதற்கோ சிரிக்கிற சத்தம்.

"விடியற்காலையில் மழை விழுந்தது. உழுதுகொண்டிருக்கிறோம். பேச நேரமில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன்."

அவ்வளவுதான் செய்தி. தலைவர் காதைத் தீட்டிக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "நம்ம சங்கத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்றார்.

"இல்ல" என்றேன். "உழுறா."